கம்பத்தில் வழுக்குவது கால் மெலிவால் அல்ல

போன கிழமை ஒரு பிள்ளை வந்தார். வாசலில் இருந்து கட்டில் வரைக்கும் பத்தடிதான் இருக்கும். அதற்குள் வலது கால் செருப்பு இரண்டு தரம் கழன்றுவிட்டது. குனிந்து மாட்டுகிறார், நடக்கிறார், திரும்பவும் கழலுகிறது. ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் நுனி தரையில் உரசுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் எங்களைப் போன்ற இயன்மருத்துவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, முழங்காலைத்தான் பார்ப்போம்.

"தங்கச்சி, முழங்காலுக்குக் கீழே எதையாவது அழுத்தி வைச்சிருந்தனீங்களா?"

கூட வந்த அம்மா முந்திக்கொண்டார். "பிள்ளை ஒழுங்காச் சாப்பிடுறேல்ல மிஸ். அதுதான் காலில பலமில்லை."

பிள்ளை மெதுவாகச் சொன்னார். "போல் டான்ஸ் பழகுறன் மிஸ். என்ர கால் மெலிவு, தொடையால கம்பத்தைப் பிடிச்சா நிக்குதில்லை. அதால முழங்காலுக்குக் கீழ கம்பத்தை வைச்சுக் காலைக் குறுக்காப் போட்டு இறுக்கிக்கொண்டு நூறு எண்ணுறனான்."

நட்ட கம்பத்தில் கையாலும் காலாலும் பிடித்து ஏறி ஆடும் இந்த ஆட்டத்தை வீடியோ பார்த்துப் பழகி இந்த வருடம் என்னிடம் வந்த மூன்றாவது பிள்ளை இவர். முதலாவது பிள்ளைக்குத் தொடை முழுக்க நீலம், இரண்டாவது பிள்ளைக்கு மணிக்கட்டு முறிவு. மூவரும் சொன்னது ஒரே வசனம்தான்: என்ர கால் மெலிவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மெல்லிய கால் கம்பத்தைப் பிடிக்காது என்று யார் சொன்னது? பனையேறுபவர்களின் காலைப் பார்த்திருக்கிறீர்களா? யாழ்ப்பாணத்தில் வடமராட்சியிலோ தீவுப்பகுதியிலோ பாருங்கள், நரம்பும் எலும்புமாகத்தான் இருக்கும். அவர்களுக்குக் காலில் மாட்டும் நார் வளையமான தளைநார் இருக்கிறது, பனையும் சொரசொரப்பு, அது உண்மை. சரி, தமிழ்நாட்டில் விழுப்புரத்துப் பிள்ளைகள் ஏறி உடல்வித்தை காட்டும் மல்லர் கம்பத்தைப் பாருங்கள். வழுவழுப்பான மரம். போதாததற்கு ஆமணக்கெண்ணெயும் பூசுவார்கள். அதில் தலைகீழாக நிற்கும் சிறுவர்களுக்குக் கொழுத்த தொடையா இருக்கிறது? பிடியைத் தருவது மூன்று விஷயம்: கம்பத்தில் படும் வெறும் தோல், அது படும் இடம், இரண்டு தொடையையும் உள்நோக்கி நெருக்கும் தசையின் பலம். பருமன் கூடினால் தோல் படும் பரப்புக் கொஞ்சம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் தூக்கவேண்டிய பாரமும் அதோடு கூடுகிறதே! கால் தடிக்கட்டும் என்று பிள்ளைக்கு மூன்று நேரமும் சத்துமாக் கரைத்துக் கொடுக்கும் அம்மாமாரே, தயவுசெய்து விடுங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். பயிற்சி தொடங்கிய முதல் சில கிழமைகளில் தசை பருக்காமலே பலம் கூடும், இருக்கும் தசையை நரம்பு நன்றாக வேலைவாங்கப் பழகிக்கொள்வதால். கால் அதே அளவில்தான் இருக்கும், பிடி மட்டும் வேறாக இருக்கும்.

மெல்லிய கால்காரர் உண்மையில் பயப்படவேண்டியது வழுக்கலுக்கு அல்ல. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், ஒரு எலும்புக் குமிழ் தட்டுப்படும். அதற்குக் கீழே எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு தோலை ஒட்டியே ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு அதுதான் கட்டளை கொண்டுபோகிறது. கொழுப்புக் குறைந்த காலில் அந்த நரம்புக்கு மெத்தை கிடையாது. கடும் டயற்றில் கெதியாக மெலிந்தவர்கள் கால் மேல் கால் போட்டு நெடுநேரம் இருந்தாலே அது நசிந்துபோவதைப் பார்த்திருக்கிறோம். இரும்புக் குழாயில் வைத்து நூறு எண்ணினால் என்ன ஆகும்? முதலில் கீழ்க்காலின் வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்புறமும் விறைக்கும், எறும்பு ஊர்வதுபோல இருக்கும். பிறகு பாதம் தொங்கும், செருப்புக் கழலும். இந்தப் பிள்ளை விறைப்பை "பழக்கமில்லாததால வாறது" என்று ஒன்பது நாள் பொறுத்திருக்கிறார். தோல் எரிவது பழக்கமின்மை. விறைப்பு அப்படியல்ல, விறைத்த அந்த நிமிடமே இறங்கிவிடுங்கள். அடுத்த நாளும் விறைத்தால் வைத்தியரிடம் போங்கள். அழுத்தம் நின்றால் பெரும்பாலும் சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ திரும்பிவிடும். ஆனால் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்த உறுதியை நான் தரமாட்டேன்.

அப்படியானால் எங்கே பிடிப்பது? தொடையின் மேற்பகுதியில், உட்புறச் சதையில். இரண்டு கையாலும் கம்பத்தை உயரப் பிடித்துக்கொண்டு, கம்பம் இரண்டு தொடைக்கும் நடுவில் முடிந்தளவு மேலே படும்படி ஒரு தொடையை மற்றதன் மேல் குறுக்காகப் போடுங்கள். இடுப்பைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து உட்காருங்கள். மெல்லிய காலென்றால் இடுப்பை இம்மி இம்மியாகத் திருப்பிப் பாருங்கள், ஏதோ ஒரு கோணத்தில் சதை கம்பத்தை நிறைக்கும். அந்தக் கோணம் ஆளுக்கு ஆள் வேறு, வீடியோவில் வரும் பெண்ணின் கோணம் உங்களுடையது அல்ல. ஐந்து எண்ணியதும் இறங்குங்கள். நூறு எண்ணுவதெல்லாம் பிறகு பார்க்கலாம்.

கம்பத்தைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். இரும்புக் கடையில் "இரண்டு இஞ்சிக் குழாய்" வாங்கி விறாந்தையில் ஒட்டுவித்தார்களாம். தண்ணீர்க் குழாயில் இரண்டு இஞ்சி என்பது உள்விட்டத்தை ஒட்டிய பெயர். வெளிவிட்டம் 60 மில்லிமீற்றர் வரும். போட்டிக் கம்பம் 45 மில்லிமீற்றர். சின்னக் கைக்கும் மெல்லிய காலுக்கும் அந்தப் பதினைந்து பெரிய வித்தியாசம். துத்தநாகம் பூசிய குழாயில் துருத்தல்கள் இருக்கும், தோலைக் கீறும். கூரைக்கும் தரைக்கும் இடையில் நெருக்கி நிறுத்தும் கம்பங்களுக்குக் கொங்கிறீற் தட்டு வேண்டும். ஓட்டு வீட்டிலும் சீற் போட்ட வீட்டிலும் அதை நிறுத்தவே கூடாது.

தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் கம்பத்தைத் தொடாதீர்கள். லோஷனும் அப்படித்தான். லெகின்ஸ் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், துணி வழுக்கும். வெட்கமென்றால் கதவைச் சாத்திவிட்டுக் கட்டைக் களிசானோடு பழகுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. இரண்டு பிள்ளைகள் முகத்துக்குப் பூசும் பவுடரைத் தொடையில் பூசியிருந்தார்கள்! ஜிம்னாஸ்டிக்காரர் கையில் பூசுவது மக்னீசியம் காபனேற், அது வேறு சாமான். முகப்பவுடர் வழுக்கத்தான் செய்யும். எங்கள் சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் காலையும் கம்பத்தையும் உலர்ந்த துவாயால் துடையுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கம்பத்துக்கு ஸ்பிரிட்டு.

பலத்துக்கு வீட்டுத் தலையணை போதும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இடையில் தலையணையை வைத்துப் பத்து எண்ணும் வரைக்கும் நெருக்குங்கள். பத்துத் தரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். பரதம் படித்த பிள்ளைகளுக்கும் இது வேண்டும், அரைமண்டி தொடையை விரித்து நிற்கும் நிலை, நெருக்கும் வேலை அதில் குறைவு. கீழே தடிப்பான மெத்தை கட்டாயம். மணிக்கட்டு முறிந்த பிள்ளை விரித்திருந்தது பாய். முதல் மாதம் உங்கள் இடுப்பு உயரத்துக்கு மேல் ஏறவேண்டாம், இது என் கெஞ்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போகும்போது அந்தப் பிள்ளை கேட்டார், "திரும்ப ஏறலாமா மிஸ்?"

"இருந்தபடியே குதிக்கால தரையில ஊன்று. பாதத்த மட்டும் மேல தூக்கிக் காட்டு."

பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. பாதம் எழவில்லை.

"இது எழும்பட்டும், பிறகு கதைப்பம்."

செவ்வாய்க்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். குதிக்கு வார் வைத்த செருப்போடு.