அந்தப் பாதி மாத்திரை

"ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாச்சு டாக்டர், நார்மல்னுட்டாங்க, ஆனா படபடப்பு போகலை." மனநல மருத்துவரான என்னிடம் வருகிறவர்களில் நிறைய பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தூக்கம் எப்படி, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறதா, முன்பு பிடித்தது எதிலாவது இப்போது மனசு ஒட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே போனால்தான் அடியில் கிடக்கும் மனச்சோர்வு தென்படும். பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் குணமாக நாளாகும், தற்கொலை எண்ணம் வரும் ஆபத்தும் கூடுதல். அதனால் அதையும் நேரடியாகவே கேட்டுவிடுவேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

படபடப்புக்கு அவையும் காரணமாகலாம் என்பதால் தைராய்டு டெஸ்ட் பார்ப்பேன், ஒரு நாளைக்கு எத்தனை காபி என்றும் கேட்பேன்.

சரி, சிக்கல் எங்கே என்றால் மருந்து தொடங்கும் முதல் இரண்டு வாரத்தில்தான். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் வயிற்றைப் பிரட்டும், சிலருக்குப் பதற்றம் முன்பைவிடக் கூடவும் செய்யும் (25 வயதுக்குக் கீழே இருந்தால் வீட்டில் ஒருவர் கூடவே கவனிக்கச் சொல்வேன்). படபடப்போடு வருகிறவர்களுக்கு எஸ்சிடாலோபிராமை 5 மில்லிகிராமில் தொடங்கிப் பிறகுதான் 10 ஆக்குகிறேன். ஆரம்ப காலத்தில், ஓபி கூட்டத்தில், இதை விளக்காமலே ஒருவரை அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். தப்பு என்னுடையது.

அந்த இரண்டு வாரத்தைத் தாண்டத்தான் சிலருக்குப் பதற்றத்தை உடனே அடக்கும் குளோனசெபாம் என்ற மருந்தைப் பாதி மாத்திரை எழுதுகிறோம். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு அடங்கிவிடும், நல்லாத் தூக்கமும் வரும். விளைவு, நோயைக் குணமாக்க வேண்டிய மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்குகிறார்கள். உடம்பு பழகிவிட்ட பிறகு திடீரென நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பே வரும். இதைப் போடும் வயதானவர்கள் தடுமாறி விழலாம். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். இப்போதே மாதக்கணக்கில் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம், மாத்திரையோடு மனநல ஆலோசனையும் சேர்ந்தால் பலன் கூடும். தவிர்த்துவந்த பஸ் பயணம், கல்யாண வீடு என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பழக்குவது அங்கேதான் நடக்கிறது. யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.

என்னிடம் வரும் ஒரு அம்மா பாதியைக் காலாக்கி, இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார். ஆனாலும் ஊருக்குப் போகும்போது ஒரு மாத்திரை அட்டை பர்ஸில் இருந்தாக வேண்டுமாம். இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.