மிளகு ஏன் நகர மாட்டேன் என்கிறான்?

என் அக்கா மகள் குடும்பத்தோடு தெற்கு இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயரில், நியூ ஃபாரஸ்ட் காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கிறாள். வீட்டில் இரண்டு பீகிள் நாய்கள். கறுப்புத் திட்டு அதிகமாக உள்ளவன் மிளகு, வெளுத்தவள் லட்டு. போன வாரம் போனில் கேட்டாள்: "மாமா, கோடையில அரை மணி நேரத்துல முடிஞ்ச நடை இப்ப ஒன்றரை மணி நேரம் ஆகுது. இலை உதிர ஆரம்பிச்சதுலேருந்து மிளகு பத்தடிக்கு ஒரு தரம் மண்ணுல மூக்கை வச்சுட்டு நின்னுடறான். இழுத்தாலும் வரமாட்டேங்கிறான். உடம்புக்கு எதுவும் இருக்குமா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு அக்டோபர் மாதம் முழுக்க அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். தினமும் காலையில் இந்த இரண்டையும் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அன்று பார்த்ததையும் அதற்குப் பிறகு படித்ததையும் சேர்த்தே அவளுக்குப் பதில் சொன்னேன். நாய் வளர்க்கும் எல்லோருக்கும் அது உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காட்டின் நிலவரம். இலையுதிர் காலத்தில் நியூ ஃபாரஸ்ட் பரபரப்பாக இருக்கும். அக்டோபரில் ஃபாலோ மான்களுக்கு இனச்சேர்க்கைக் காலம். கிடாய்கள் தரையைக் காலால் பறித்து, அதில் சிறுநீர் கழித்து இடம் பிடிக்கும். அந்த நெடி நம் மூக்குக்கே எட்டும். வசந்தத்தில் பிறந்த நரிக்குட்டிகள் வளர்ந்து, தாயின் எல்லையை விட்டுத் தனியிடம் தேடிக் கிளம்புவதும் இப்போதுதான். அணில்கள் ஓக் கொட்டைகளைப் புதைத்துக்கொண்டிருக்கும். போதாததற்குப் பன்றிகள். பச்சை ஓக் கொட்டை மட்டக்குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் விஷம். அதனால் ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவத்தில் பன்றிகளைக் காட்டுக்குள் மேய விட்டு, கொட்டைகளைத் தின்னவைக்கும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஆக, மிளகு நடக்கிற பாதையை ஒரே இரவில் அத்தனை பிராணிகள் கடந்திருக்கும்.

அப்புறம் காற்று. கோடையில் வெயில் தரையைச் சுடவைக்கும், சூடான காற்று மேலே எழும், தடத்தில் கிடக்கும் வாசனையும் அதோடு போய்விடும். அக்டோபர் நடுவில் அந்தப் பகுதியில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. ஜூனில் அதைப்போல் இரு மடங்கு உயரம் ஏறும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய குளிர்காற்று கனமாக இருப்பதால் மேலே எழும்பாமல் அப்படியே கிடக்கும். காலையில் புல்வெளிமேல் முழங்கால் உயரத்துக்குப் பனிமூட்டம் நிற்கிறதே, அது அந்தக் காற்றுதான். பீகிளின் மூக்கு இருப்பதும் அதே உயரத்தில்.

ஈரமும் உதவும். காய்ந்த மண்ணில் தூறல் விழுந்ததும் மண்வாசனை கிளம்புவது நமக்குத் தெரிந்ததுதான். மண்ணிலும் சருகிலும் ஒட்டியிருக்கும் வாசனை மூலக்கூறுகள் ஈரம் பட்டதும் விடுபடுகின்றன. மிதிபட்ட சருகு நசுங்கித் தன் வாசனையையும் சேர்க்கும். ஆனால் கனமழை தடத்தைக் கழுவிவிடும். உறைபனி விழுந்தால் ஆவியாவது குறைந்துவிடும். இரண்டுக்கும் நடுவிலான ஈரமான குளிர், அக்டோபர் காலையில் கிடைக்கிறது.

இனி மூக்கு. வாசனை மூலக்கூறுகள் வந்து ஒட்டும் புரதங்களை ஏற்பிகள் என்கிறார்கள். அவற்றுக்கான மரபணுக்களை 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவரும் கண்டுபிடித்தார்கள். 2004-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. மனிதருக்கு வேலை செய்யும் ஏற்பி வகைகள் ஏறக்குறைய 400, நாய்க்கு ஏறக்குறைய 800. நாயின் மோப்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதாது. எத்தனை ஏற்பி இருந்தாலும் வாசனை அங்கே போய்ச் சேர்ந்தால்தானே பயன்? அதைக் கொண்டு சேர்க்கும் காற்றோட்டம்தான் இதில் நான் வியந்து வியந்து பார்க்கும் பகுதி.

ஒரு காலை, பீச் மரத்தடியில் மிளகு வழக்கம்போல் நின்றுவிட்டான். நானும் அவன் பக்கத்தில் ஈரச் சருகில் மண்டியிட்டு, அவன் மூக்கை ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன். நாயின் மூக்குத் துளை முழு வட்டமில்லை. காற்புள்ளியைப் போல, வட்டமாகத் தொடங்கிப் பக்கவாட்டில் ஒரு கீற்றாக நீளும். அவன் விடாமல் முகர்ந்துகொண்டிருந்தான், நொடிக்கு ஐந்து முறை இருக்கும். ஒவ்வொரு முறையும் மூக்கின் இரண்டு பக்கத்திலும் சருகுத் தூள் பின்னோக்கிப் பறந்தது. மூக்குக்கு நேர் முன்னால் ஒரு துகள்கூட விலகிப் போகவில்லை.

நாம் ஒரு பூவை முகரும்போது, உள்ளிழுத்த அதே வழியில் மூச்சை வெளியே விடுகிறோம். பூவைச் சுற்றியிருந்த வாசனையை நம் மூச்சே தள்ளிவிடுகிறது. நாய்க்கு அந்த நஷ்டம் இல்லை. உள்ளிழுப்பது முன்பக்கத் துளை வழியாக. வெளிவிடும்போது பக்கக் கீற்று வழி திறந்து, மூச்சு இரண்டு தாரைகளாகப் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் போகிறது. நெடுஞ்சாலையில் பேருந்து வேகமாகக் கடந்தால் ஓரத்தில் கிடக்கும் காகிதம் அதன் பின்னாலேயே ஓடுமே, அதுபோல இந்தத் தாரைகளும் சுற்றியுள்ள காற்றைத் தங்களோடு இழுக்கின்றன. அப்படி இழுபடும் இடத்தை நிரப்ப, முன்னாலிருந்து புதுக்காற்று மூக்கை நோக்கி வருகிறது. ஆக, வெளியே விடும் மூச்சும் அடுத்த வாசனையை அருகே கொண்டுவருகிறது!

உள்ளே நடப்பது இதைவிட அழகு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிரென்ட் கிரேவன், எரிக் பேட்டர்சன், கேரி செட்டில்ஸ் மூவரும் ஒரு லேப்ரடார் நாயின் மூக்கை எம்ஆர்ஐ எடுத்து, அதற்குள் காற்று எப்படி ஓடும் என்று கணினியில் கணக்கிட்டு, 2010-இல் வெளியிட்டார்கள். உள்ளே போனதும் காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி கீழ்வழியாக நுரையீரலுக்குப் போகிறது. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு மட்டும் மேல்கூரையை ஒட்டிய தனிப் பாதையில் போய், மூக்கின் பின்கோடியில் இருக்கும் ஓர் அறையை அடைகிறது. மோப்ப அறை என்று வைத்துக்கொள்வோம். முட்டைக்கோஸைக் குறுக்கே வெட்டினால் மடிப்புக்குள் மடிப்பாகத் தெரியுமே, அந்த அறைக்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் அப்படிச் சுருண்டிருக்கின்றன. ஏற்பிகள் அந்த மடிப்புகள் எங்கும் படர்ந்திருக்கின்றன. அறைக்குக் கீழே எலும்புத் தட்டு ஒன்று தடுப்பாக நிற்கிறது. நாய் மூச்சை வெளியே விடும்போது அந்தக் காற்று தட்டுக்குக் கீழாகவே போய்விடும். மேலே அறைக்குள் இருக்கும் காற்று கலையாது. முந்தைய மோப்பத்தில் வந்த வாசனை அங்கேயே தங்கி, ஏற்பிகளில் படிந்துகொண்டிருக்கும்.

பள்ளிக்கூட ஆய்வகத்தில் மைச்சொட்டை வடிதாளில் வைத்து, நுனியைத் தண்ணீரில் நனைத்து, நிறங்கள் தனித்தனியாகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். வண்ணப்பிரிகை என்று படித்தோம். மோப்ப அறையிலும் அதைப் போன்ற ஒன்று நடக்கிறது. ஈரச் சவ்வில் எளிதாகக் கரையும் மூலக்கூறுகள் முன்பகுதியிலேயே படிந்துவிடும், அவ்வளவாகக் கரையாதவை பின்கோடிவரை போய்ப் பரவும். எந்த ஏற்பி தூண்டப்பட்டது என்பதோடு, வாசனை எங்கெங்கே படிந்தது என்பதும் மூளைக்குத் தகவலாகலாம். ஒரு கையளவு முகத்துக்குள் இத்தனை ஏற்பாடு! இதைப் படித்த நாளிலிருந்து எந்த நாய் முகர்ந்தாலும் நான் நின்று பார்க்கிறேன்.

இதை இயந்திரத்திலும் செய்து பார்த்தார்கள். அமெரிக்கத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள், முப்பரிமாண அச்சில் செய்த நாய் மூக்கின் மாதிரியை வைத்து ஆராய்ந்துவிட்டு, வெடிபொருள் ஆவியைக் கண்டறியும் கருவி ஒன்றை, ஒரே சீராகக் காற்றை உறிஞ்சாமல் நாயைப்போல உள்ளிழுத்து வெளிவிடும்படி மாற்றினார்கள். 4 சென்டிமீட்டர் தூரத்தில் கருவியின் திறன் 16 மடங்கு கூடியது. இது 2016-இல் வந்த முடிவு.

இந்த இடத்தில் என் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாயின் மூக்கு என்றால் வெடிகுண்டு, போதைப்பொருள் என்ற தேவையை முன்னிட்டே பணம் எளிதாக வருகிறது. மூக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே செய்யும் ஆய்வுக்கு அவ்வளவு எளிதாக வருவதில்லை. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் நீண்ட முகம் கொண்டவை. மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி ஓடுகிற வேட்டை நாய்கள். பீகிள் மோப்பத்தை நம்பும் வேட்டை நாய். இந்த இரண்டு வகை முகங்களுக்குள்ளும் காற்று எப்படி வேறுபட்டு ஓடுகிறது என்று நம் பல்கலைக்கழகங்களிலேயே ஆராயலாம். எம்ஆர்ஐ இருக்கிறது, கணினி இருக்கிறது, நாய்களும் இருக்கின்றன. யாராவது ஒரு நல்ல மாணவருக்கு நிதி கொடுத்தால் போதும்.

சரி, மிளகுக்கு வருவோம். அந்த மாதத்தில் நான் மறக்காத ஒரு காலை உண்டு. பெரணி பழுத்துக் காவி நிறமாகியிருந்த சரிவில் ஒரு மான் கிடாய் எங்கள் பாதையை இடமிருந்து வலமாகக் கடந்து போனதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன். நாய்கள் பார்க்கவில்லை, அவை புதருக்குள் தலையை விட்டிருந்தன. பத்து நிமிடம் கழித்து அந்த இடத்துக்கு வந்தோம். மிளகு தடத்தின் குறுக்கே வந்து நின்றான். இடப்பக்கம், அதாவது மான் வந்த திசையில், மூன்று நான்கு அடி எடுத்துவைத்தான். நின்றான். வேகமாக முகர்ந்தான். சட்டென்று திரும்பி, வலப்பக்கமாகக் கயிற்றை இழுக்க ஆரம்பித்தான். மான் போன திசை அதுதான்.

எப்படித் தெரிந்தது? தடத்தின் இரண்டு பக்கமும் அதே மானின் வாசனைதானே?

நார்வே ஆய்வாளர்கள் 1993-இல் இதைச் சோதித்தார்கள். மனிதர் நடந்து போன தடத்துக்குக் குறுக்கே பயிற்சி பெற்ற ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைக் கொண்டுவந்தார்கள். புல்லில் தடம் 20 நிமிடம் பழையது. நாய்கள் முதலில் தேடின. தடம் கிடைத்ததும் வேகத்தைக் குறைத்து, மூன்றிலிருந்து ஐந்து நொடிக்குள், இரண்டிலிருந்து ஐந்து காலடிகளை மட்டும் முகர்ந்து, சரியான திசையில் போய்விட்டன. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் 2005-இல் நடந்த இன்னொரு சோதனையில், திசையைச் சொல்ல ஐந்து காலடிகள் போதும், மூன்று போதாது என்று தெரிந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 நிமிடம் என்றால் 1200 நொடி. ஐந்தடி நடக்க நமக்கு இரண்டு மூன்று நொடி ஆகும். முதல் காலடிக்கும் ஐந்தாவது காலடிக்கும் வயது வித்தியாசம் அவ்வளவுதான். வாசனை ஆவியாகிக்கொண்டே இருப்பதால் பழைய காலடி ஒரு துளி மங்கலாக இருக்கும். அந்த ஒரு துளி வித்தியாசத்தை அளந்து, 'இந்தப் பக்கம்தான் புதிது' என்று நாய் முடிவெடுக்கிறது. மிளகு மூன்று நான்கு அடி தவறாகப் போய்த் திரும்பியது குழப்பத்தால் அல்ல என்றே நினைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க அவனுக்கு அத்தனை காலடிகள் வேண்டியிருந்தன. நான் அவசரப்பட்டு இழுத்திருந்தால் அந்தக் கணக்கைப் பாதியில் கலைத்திருப்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தியில் நாய் ஆளில்லாத இடத்தைப் பார்த்துக் குரைத்தால், 'அதன் கண்ணுக்கு ஏதோ தெரிகிறது' என்று நம் வீடுகளில் விளக்கேற்றி விபூதி இடுவார்கள். இங்கிலாந்திலும் கிராமத்துக்குக் கிராமம் கறுப்பு நாய்ப் பேய்க் கதைகள் உண்டு. அந்தப் பயத்தில் பிள்ளைகள் வளர்வது எனக்குப் பிடிக்கவில்லை. அரை மணி நேரத்துக்கு முன் நரி நின்ற இடத்தில் நமக்கு இப்போது ஒன்றுமில்லை. நாய்க்கு அங்கே நரி இன்னும் பாதி இருக்கிறது. போனவர் விட்டுப்போன வாசனை அதற்கு நிகழ்காலம். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்கள் பயப்படுவதில்லை, நாயோடு சேர்ந்து குனிந்து தேடுகிறார்கள். அக்காவின் பேரன் அப்படித்தான் செய்தான்.

அவளுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். நடையை இரண்டாகப் பிரித்துக்கொள். முதல் பாதி மூக்குக்கு, அடுத்த பாதி காலுக்கு. முதல் பாதியில் நீளக் கயிறு போட்டு, அவன் நிற்கும் இடத்தில் நில். இரண்டு வாரம் மோப்ப விளையாட்டுகள் விளையாடிய நாய்கள், உள்ளே தீனி இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஒரு கிண்ணத்தை முன்பைவிட நம்பிக்கையோடு அணுகின என்று ஷார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இருவரும் 2019-இல் எழுதியிருக்கிறார்கள். மூக்குக்கு வேலை கொடுத்தால் மனசும் தெளிகிறது. ஆனால் முகர்வது வேறு, தின்பது வேறு. ஓக் கொட்டை, குதிரைச் செஸ்நட் கொட்டை, காட்டுக் காளான் மூன்றும் நாய்க்கு ஆகாது. வாயில் போட்டால் உடனே எடுத்துவிட வேண்டும், விழுங்கிவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மட்டக்குதிரையும் பன்றியும் கண்ணில் பட்டால் கயிறு கையில் குட்டையாக இருக்க வேண்டும்.

நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். மிளகின் மூக்கில் ஈரச் சருகு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, லட்டு அவனுடைய காதுக்கடியில் தலையை நுழைத்து அதே இடத்தை முகர்ந்துகொண்டிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: "நாப்பது நிமிஷத்துல எரநூறு மீட்டர்தான் போனோம் மாமா. ஒரு தடத்துல முதல்ல தப்பாப் போயிட்டுத் திரும்பினான். எண்ணிப் பார்த்தேன், நாலு அடி."