மதுரைச் சுவரில் எந்த நிறம் நிற்கும்?

மதுரையில் சுவர்கள் சும்மா இருப்பதில்லை. காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள், புதுப்படம் என்று ஏதாவது ஒரு போஸ்டர் ஏறிக்கொண்டே இருக்கும். கிழிபடாமல் ஒரு கோடையைத் தாண்டிய போஸ்டர் கண்ணில் பட்டால் சற்று நின்று பாருங்கள். வாழ்த்தப்பட்டவர் நீல முகத்தோடு கைகூப்பிக்கொண்டிருப்பார். சிவப்புத் துண்டு, மஞ்சள் மாலை, கன்னத்தின் ரோஸ் எல்லாம் போய், நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

அச்சகத்தில் படத்தை உருவாக்குபவை நான்கே மைகள்: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. மஞ்சளும் மெஜந்தாவும் பெரும்பாலும் ‘அசோ’ வகைச் சேர்மங்கள். இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் இணைப்பில்தான் அவற்றின் நிறம் இருக்கிறது. சூரிய ஒளியில், குறிப்பாகப் புற ஊதாக் கதிரில், அந்த மூலக்கூறுகளைக் குலைக்கப் போதுமான ஆற்றல் உண்டு. காற்றின் ஆக்சிஜனும் ஈரமும் உடன்சேர, மூலக்கூறு சிதைகிறது. சிதைந்த துண்டுகளுக்கு நிறம் இல்லை. சாயம் சுவரை விட்டு எங்கும் ஓடிவிடவில்லை. அங்கேயே நிறமற்றதாகிக் கிடக்கிறது.

நீல மை வேறு சாதி. அதன் பெயர் தாமிர தாலோசயனின். நடுவில் ஒரு தாமிர அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன்கள் பிடித்து நிற்கும் வளையம். கிடைத்த ஆற்றலை இந்த மூலக்கூறு உடனே வெப்பமாக மாற்றி உதறிவிடுகிறது. உடைவதற்கு நேரமே கொடுப்பதில்லை. இந்தக் குடும்பம் தொழிற்சாலைக்கு வந்தது ஒரு விபத்தால். 1928இல் ஸ்காட்லாந்தின் சாய ஆலை ஒன்றில், பாத்திரத்தின் கண்ணாடி உட்பூச்சில் விரிசல் விழுந்து, உள்ளே இருந்த சரக்கு இரும்போடு வினைபுரிந்து நீலப் பொருளொன்றைத் தந்தது. இரும்பின் இடத்தில் தாமிரத்தை வைத்துச் செய்த நிறமி 1935இல் சந்தைக்கு வந்தது. கறுப்பு வெறும் கரிப்புகை. அதற்கு வெயிலெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

அதே தெருவில் கோயில் மதிலைப் பாருங்கள். வெள்ளையும் காவியுமாகப் பட்டை பட்டையாக நிற்கும். போஸ்டரின் சிவப்பை ஒரு கோடையில் தின்ற அதே வெயில்தான் மதிலின் மீதும் விழுகிறது. ஆனால் காவிக்கல்லின் நிறம் இரும்பு ஆக்சைடு, அதாவது துரு. ஏற்கெனவே துருவானது இனித் துருப்பிடிக்க முடியாது. காவி மங்கினால், மழையில் கரைந்து வழிந்திருக்கும், வெயிலில் வெளுத்திருக்காது. புதுக்கோட்டைக்கு அருகே சித்தன்னவாசல் குடைவரையில், தாமரைக் குளமும் அதில் பூப்பறிக்கும் மனிதர்களுமாக 9ஆம் நூற்றாண்டு ஓவியம் இன்றும் இருக்கிறது. அக்குடைவரையைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. வண்ணங்களில் முக்கியமானவை காவி, மஞ்சள் மண், கரி, சுண்ணாம்பு. ஏறக்குறைய 1,200 ஆண்டுகள்! சிதைந்த இடங்களில் பெரும்பாலும் காரையே பெயர்ந்திருக்கிறது.

காரையைச் சொல்லாமல் சுவரோவியத்தைச் சொல்ல முடியாது. சுண்ணாம்புக்கல்லைக் காளவாசலில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசியதும், இழந்த கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கி, மறுபடியும் கல்லாகிறது. பூச்சு ஈரமாக இருக்கும் சில மணி நேரத்துக்குள் வண்ணம் தீட்டிவிட்டால், வளரும் கால்சைட் என்ற சுண்ணாம்புக்கல் படிகங்கள் நிறத்துகள்களைத் தமக்குள் சிறைபிடித்துக்கொள்ளும். பசை எதுவும் வேண்டாம். 1920களில் ஓவியர் டியேகோ ரிவேரா மெக்சிகோவின் அரசுக் கட்டடங்களில் மக்கள் வரலாற்றை வரைந்ததும் இந்த ஈரச்சுவர் முறையில்தான்.

ஆனால் சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் ஏற்காது. நீற்றிய சுண்ணாம்பு கடும் காரம், pH அளவில் 12க்கு மேல். பிரஷ்யன் நீலம் அதில் பட்டால் பழுப்பாகிவிடும். அல்ட்ராமரைன் நீலம் தாக்குப்பிடிக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் நம் பாட்டிகள் கலந்த நீலப்பொடி இந்த அல்ட்ராமரைன்தான். சுண்ணாம்பின் மஞ்சள் சாயலை அது அடக்கிவிட, சுவர் பளிச்சென்று தெரியும்.

நீலம் என்றதும் பழைய மெக்சிகோவின் மாயர்களை விட்டுப்போக மனம் வரவில்லை. மெக்சிகோவின் போனம்பாக்கில் சுமார் 790ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓவியங்கள் உள்ளன. அதில் உள்ள நீலம் அவுரிச் செடியின் சாயம். துணியில் ஏற்றினால் வெளுத்துப்போகும் அதே அவுரி. மாயர்கள் அதைப் பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கினார்கள். களிமண்ணின் நுண்துளைகளுக்குள் சாய மூலக்கூறு புகுந்து அடைபட்டுக்கொண்டதால் அமிலமும் காலமும் அதை எளிதில் தொட முடியவில்லை. நிறத்தைக் காக்க வேதியியல் ஆய்வகம் தேவையில்லை, பொறுமை போதும் என்று நினைக்க வைக்கும் வேலை இது.

இன்றைய சுவர் பெரும்பாலும் சிமெண்ட். புதுச் சிமெண்ட் சுவரும் கடும் காரம். அதன்மேல் அவசரப்பட்டு எண்ணெய் கலந்த எனாமல் அடித்தால் காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாகிவிடும். உண்மையான சோப்பு, சலவைக்கட்டி செய்யும் அதே வினை. பெயிண்ட் பிசுபிசுத்து உரியும். ‘சுவர் காயட்டும் சார்’ என்று பெயிண்டர் தள்ளிப்போடுவதில் நியாயம் இருக்கிறது. அக்ரிலிக் எமல்ஷனுக்கு இந்தத் தொல்லை குறைவு. வாளிக்குள் அது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள். தண்ணீர் ஆவியாக ஆவியாக, லட்டுப் பிடிக்கும்போது பூந்திகள் நெருங்குவதைப்போல உருண்டைகள் நெருங்கி, நசுங்கி, ஒரே படலமாக உருகிச் சேர்கின்றன. நடுவில் நிறமி அகப்பட்டுக்கொள்கிறது. பழைய சுவரைத் தடவினால் கையில் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதல்லவா? வெயிலில் இந்தப் படலம் மக்கியதால் விடுபட்ட நிறமியும் நிரப்புத் தூளும்தான் அது.

உலகத் தெருவோவியர்களின் கைக்கருவி ஸ்ப்ரே டப்பா. 1949இல் அமெரிக்காவின் எட்வர்ட் சீமோர் ரேடியேட்டர்களுக்கு அலுமினிய வண்ணம் அடிக்க அதை உருவாக்கினார். உள்ளே திரவமாக அடைபட்டிருக்கும் பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயு, டப்பா தீரும்வரை ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் மையைத் தள்ளுகிறது. அடிக்க அடிக்க டப்பா ஜில்லிடுவது திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால். ஓடாத, வழியாத கோடு வேண்டும் என்பதற்காக இதில் சீக்கிரம் காயும் கரைப்பான்களே இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் தூரத்திலிருந்து அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து, சுவரில் வெறும் சொரசொரப்பாகப் படியும். சுவரை நெருங்க வேண்டும், இல்லையென்றால் அதிகாலையில் எழ வேண்டும். முகமூடி எந்நேரமும் வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும் திறந்தவெளி ஓவியம் நிரந்தரமில்லை. பெர்லின் சுவர் விழுந்தபின், மிஞ்சிய 1.3 கிலோமீட்டர் நீளத்தில் 1990இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் வரைந்தார்கள். வானிலையும் கிறுக்கல்களும் அரித்ததில் 2009இல் பல ஓவியங்களை வரைந்தவர்களையே அழைத்துப் புதிதாக வரையவேண்டி வந்தது. நம்மூரில் மேம்பாலத் தூண்களில் ஜல்லிக்கட்டுக் காளையையும் தமிழ்த்தாயையும் வரைகிறார்கள். நல்ல முயற்சிதான், குறை சொல்ல மனமில்லை. ஆனால் மேலே வடிகால் குழாயின் ஒழுக்கை முதலில் அடைத்துவிட்டு வரையலாம். கான்கிரீட்டில் ஊறும் தண்ணீர் உப்பைக் கரைத்து மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு படிகமாக வளர்ந்து, வண்ணப் படலத்தைப் பின்னாலிருந்து நெம்பித் தள்ளுகிறது. உப்புப் பூத்த சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டும் பொருக்குத்தான் தட்டும்.

மதுரையில் எந்தச் சுவரில் வரைவது? ஊர் 9.9 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து ஓரிரு நாளில் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்துவிடுகிறது. பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம்வரை வானின் வடபாதியில் நகர்கிறது. அப்போதும் நண்பகலில் 14 டிகிரிக்கு மேல் சாய்வதில்லை. வடக்கு பார்த்த சுவரை ஒளி மேலிருந்து வழுக்கிக்கொண்டுதான் செல்லும். மற்ற மாதங்களில் தெற்கு பார்த்த சுவருக்கு வெயில்; டிசம்பரில் 33 டிகிரி சாய்வில் சற்று நேராகவே விழும். கிழக்கும் மேற்கும் பார்த்தவை ஆண்டு முழுவதும், தாழ்ந்து வரும் வெயிலை முகத்தில் வாங்குகின்றன. மேற்குச் சுவருக்குக் கூடுதல் கேடு: பகலெல்லாம் சூடேறிய காற்றில் அதன்மேல் வெயில் விழுகிறது, சூட்டில் சிதைவு வேகமெடுக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீதிகள் அமைந்திருப்பதால், நான்கு திசைகளையும் பார்த்த சுவர்கள் இங்கே தாராளமாகக் கிடைக்கும். மேல மாசி வீதியில் மேற்கு பார்த்து நிற்கும் கிழக்கு வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். தெற்கு மாசி வீதியிலோ வடக்கு மாசி வீதியிலோ, தென்புற வரிசையில் வடக்கு பார்த்த சுவர் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். அங்கே போஸ்டர் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் வேதியியலில் வழி இல்லை.