கரண்ட் போச்சுன்னா மிஷின் ஆஃப்னு யார் சொன்னது?

போன வாரமும் ஒண்ணு. கீழக்கரை பக்கம் ஒரு பட்டறை, டேபிள் சால, அதான் மேசை நடுவுல பிளேடு சுத்துற மிஷின்ல, பலகை அறுக்கும்போது கரண்ட் போயிருக்கு, பையன் சும்மா நிப்பானேன்னு பிளேடு ஓரத்துல சிக்குன சிலாம்ப விரலால நோண்டியிருக்கான், கரண்ட் வந்துருச்சு. ரெண்டு விரல் போச்சு. சுவிட்ச் பாக்கப் போன என்கிட்ட ஓனர் கேக்குறாரு, "காக்கா, கரண்டே இல்லயே, மிஷின் ஆஃப்ல தானே இருந்துச்சு?"

ஆஃப்ல இல்லங்க, நின்னுக்கிட்டு இருந்துச்சு, அவ்ளோதான். சாதா சுவிட்ச்ச ஆன்ல தள்ளிட்டா நீங்களா திருப்பித் தள்ற வரைக்கும் அது ஆன்தான், லைன்ல கரண்ட் இருக்கா இல்லயான்னு அதுக்கு என்ன தெரியும்? வீட்ல கரண்ட் வந்ததும் ஃபேன் தானா சுத்துதுல்ல, யாரும் எந்திரிச்சுப் போயா போடுறோம்? இத எத்தன பட்டறையில சொல்லிட்டேன், தலைய ஆட்டுவாங்க, அடுத்த கரண்ட் கட்டுக்கு திரும்ப கைய உள்ள விடுவாங்க. பிளக்கப் புடுங்குங்கய்யா முதல்ல.

இதுல மார்பிள் கட்டரக் கவுத்து ப்ளைவுட்டுக்கு அடியில மாட்டி டேபிள் சான்னு பேரு வச்சுக்கிறவங்க வேற. பட்டன் லாக்ல கெடக்கும், இல்ல டேப் சுத்தியிருக்கும், பிளேட்ட மூடுற கார்டு கெடயாது. 10 இன்ச் டேபிள் சா நிமிஷத்துக்கு 4,000, 5,000 சுத்து ஓடும், அந்தக் கட்டர் 12,000 கிட்ட ஓடும்.

மிஷின் வாங்கப் போனா எல்லாரும் கேக்குறது எத்தன எச்.பி.ன்னு. சுவிட்ச்ச யாரும் பாக்குறதில்ல. கடையிலயே ஓட விட்டு, பிளக்கப் புடுங்கி திரும்பச் சொருகச் சொல்லுங்க, அந்நேரம் பிளேடு பக்கம் யாரும் நிக்க வேணாம். தானா ஓடுனா நோ-வோல்ட் சுவிட்ச் ஒண்ணு சேத்து வாங்கி மாட்டுங்க, கரண்ட் வந்தாலும் பச்சை பட்டன அமுக்குனாத்தான் ஓடும்.

அடுத்து, அறுத்த வெட்டு மூடிக்காம இருக்க பிளேடுக்குப் பின்னால நிக்கிற தகடு, ரிவிங் நைஃப். இடைஞ்சலா இருக்குன்னு கழட்டி மூலையில போட்ட பட்டறைதான் நெறய. ஈரம் காயாத வேப்பம்பலகை அறுக்க அறுக்க மூடிக்கிட்டு பிளேட்டப் புடிக்கும், அப்பறம் பலகை உங்க வயித்துக்குத்தான் வரும். பல்லுக்கும் தகட்டுக்கும் 3லருந்து 8 மி.மீ. இடைவெளி போதும்.

பிளேடு நேரா நிக்குதான்னு பாக்க, டேபிள்ல அதுக்குப் பக்கத்துல நீளமா ஓடுற மைட்டர் பள்ளத்துலருந்து ஒரே பல்ல முன்னாடி ஒருக்கா, பின்னாடி ஒருக்கா வச்சு அளங்க, ரெண்டும் ஒண்ணா வரணும். பலகைய ஒட்டித் தள்ற சட்டம், ஃபென்ஸ், பின்பக்கம் பிளேட்டப் பாத்து அரை நூல் கூட சாயக்கூடாது. பழைய படகுப் பலகைன்னா காந்தம் வச்சுப் பாருங்க, ஆனா செம்பு ஆணி காந்தத்துல மாட்டாது, கண்ணாலயும் பாக்கணும். கிளவுஸ் வேணாம், இழுத்துட்டுப் போயிரும். கைலிய மடிச்சுக் கட்டுங்க.

உப்புக்காத்துக்கு காஸ்ட் அயர்ன் டேபிள் சீக்கிரமே சிவந்துரும், பலகை நகராம அழுத்தித் தள்ளுவீங்க, கை சறுக்கும். கிரீஸ் தடவுனா தூள் ஒட்டும், மெழுகு தேய்ங்க. எர்த் கம்பி சேர்ற எடமும் உப்புல அரிச்சிருக்கும், எலக்ட்ரீஷியன வச்சு அப்பப்பப் பாருங்க.

அப்படியும் விரல் துண்டாயிட்டா, சுத்தமான ஈரத் துணியில சுத்தி, கவர்ல போட்டு நல்லாக் கட்டி, அந்தக் கவர ஐஸ் மேல வைங்க. மீன் பெட்டியில ஐஸோட ஐஸா விரலப் போட்டுக் கொண்டு போறாங்க, தயவுசெஞ்சு வேணாம், சதை செத்துப் போயிரும். விரல் சேக்குற சர்ஜன் இருக்காரான்னு போன் பண்ணிக் கேட்டுட்டு கெளம்புங்க, ராமநாதபுரத்துலருந்து மதுரை 100 கிலோமீட்டருக்கு மேல.