கழுத்துருவின் மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

போன மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாணம். திருப்பூட்டுக்காக (தாலி கட்டும் சடங்கு) கழுத்துருவை, அதாவது நகரத்தார் கல்யாணத்தில் அணிவிக்கும் தங்கத் தாலியை, வெள்ளித் தட்டில் எடுத்து வைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், தங்கமும் வெள்ளியும் தனிம வரிசை அட்டவணையில ஒரே தொகுதிதானே? அப்புறம் ஏன் ஒண்ணு மஞ்சள், ஒண்ணு வெள்ளை?" என்றாள். பக்கத்திலிருந்த ஆச்சி, "மஞ்சள் குரு பகவானோட நிறம் ஆத்தா" என்றார்.

ஆச்சிமீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வியாழன் கிரகத்துக்கும் இந்த நிறத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காரணம் தங்க அணுவுக்குள்ளேயே இருக்கிறது, அது எந்த ஜாதகத்தையும்விட அழகானது.

பாடப்புத்தகம் சொல்வது சரிதான். செம்பு 29, வெள்ளி 47, தங்கம் 79 என்று புரோட்டான்கள் கூடினாலும், மூன்றுக்கும் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். அதற்கு உள்ளே, நிரம்பிய டி ஆர்பிட்டால்கள் (ஆர்பிட்டால் என்பது அணுவுக்குள் எலக்ட்ரான் உலவும் இடம்; எஸ், டி என்பவை அதன் வகைகள்). அதனால்தான் மூன்றும் 11ஆம் தொகுதியில் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கின்றன.

வித்தியாசம் வேகத்தில் வருகிறது. 79 புரோட்டான்கள் இழுக்கும் இழுப்பில், தங்கத்தில் உட்கருவுக்கு மிக அருகிலுள்ள கூட்டின் எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 58 சதவீதத்தில் ஓடுகிறது. வெள்ளியில் இது 34 சதவீதம்தான். 1905இல் ஐன்ஸ்டைன் சொன்னபடி, இவ்வளவு வேகத்தில் ஓடும் பொருள் கனத்துப்போனதுபோல் நடந்துகொள்ளும். கனத்த எலக்ட்ரான் உட்கருவை நெருங்கி வருகிறது. வெளிக்கூட்டிலுள்ள அந்த ஒற்றை எஸ் எலக்ட்ரானும் அவ்வப்போது உட்கருவுக்குப் பக்கத்தில் போய்வருவதால் அதன் ஆர்பிட்டாலும் சுருங்கி, ஆற்றலில் இறங்குகிறது. சுருங்கியவை உட்கருவை இன்னும் நன்றாக மறைக்கின்றன. இழுப்புக் குறைந்த டி எலக்ட்ரான்கள் சற்றே தளர்ந்து ஆற்றலில் மேலே ஏறுகின்றன. மேலிருப்பது இறங்க, கீழிருப்பது ஏற, நடுவிலிருந்த இடைவெளி குறுகிவிடுகிறது.

வெள்ளியில் ஒரு டி எலக்ட்ரான் ஒளியை விழுங்கி அந்த இடைவெளியைத் தாண்டப் புற ஊதா ஒளி வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் எல்லாம் அப்படியே திரும்பிவிடுவதால் அது வெள்ளை. தங்கத்தில் நீல ஒளியே போதும். நீலத்தை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, நமக்கு மஞ்சள் தெரிகிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டுகிற தங்க ரேக்குகளில் மிக மெல்லியதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்: மஞ்சளும் சிவப்பும் மேற்பரப்பிலேயே திரும்பிவிட, ஊடுருவி வருவது பசுமை! (செம்பின் சிவப்புக்கு இவ்வளவு வேகம் தேவையில்லை. அதன் டி எலக்ட்ரான்கள் இயல்பிலேயே மேலே இருக்கின்றன.)

"இதனால் என்ன பயன்?" என்று கேட்டு அடிப்படை ஆராய்ச்சிக்குப் பணத்தைக் குறைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடிக்கு வரவேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் அழகப்பச் செட்டியார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்த மனசு இன்றைக்கும் வேண்டும். பயன் கேட்பவர்களுக்கு ஒன்று: 2011இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, காரிலுள்ள காரீய பேட்டரியின் 12 வோல்ட்டில் சுமார் 10 வோல்ட் இதே வேக விளைவால் வருவது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கிறதே, அது வெள்ளீயம். அட்டவணையில் காரீயத்துக்கு நேர் மேலே இருப்பது. அணு இலேசானது, வேகமும் குறைவு. அதனால்தான் வெள்ளீயத்தில் அப்படி ஒரு பேட்டரி கிடையாது.