மனநலச் சிகிச்சையில் கேட்காமலே விட்டுப்போகும் புகையிலை

“சிகரெட் பிடிப்பீங்களா?” என்று கேட்டால், நாள் முழுக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பவரும் “இல்லை” என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட விதம்தான் சரியில்லை. மனச்சிதைவு, இருதுருவ மனநிலைக் கோளாறு, மனச்சோர்வு, மதுப் பழக்கம் என்று சிகிச்சைக்கு வருபவர்களிடம் புகையிலைப் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். அதனால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள்: மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, பல்லில் தேய்க்கும் பொடி, பீடி, சுருட்டு, ஹூக்கா, இ-சிகரெட்.

பதில் கிடைத்ததும் இன்னும் சில கேள்விகள். காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் தடவை? வாயில் எத்தனை நிமிடம் இருக்கும்? சாற்றைத் துப்புகிறாரா, விழுங்குகிறாரா? தூங்கும்போதும் வாயில் இருக்கிறதா? எழுந்த 30 நிமிடத்துக்குள் தேவைப்பட்டால் நிகோட்டின் பிடி வலுவாக இருக்கிறது என்று பொருள்.

அடுத்து, அது புகைவதா புகையாததா என்று பிரித்துப் பாருங்கள். மருந்தின் அளவே இதைப் பொறுத்துத்தான். எரியும் புகையிலையின் புகையில் உள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலில் சி.ஒய்.பி. 1ஏ2 என்ற நொதியைத் தூண்டுகின்றன. மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரும் கிளோசபின், ஓலன்சபின் என்ற இரண்டு மருந்துகளையும் சிதைப்பதில் இந்த நொதிக்குப் பெரிய பங்கு. புகையை நிறுத்தினால் சில நாட்களிலேயே நொதியின் வேகம் குறைந்து, அதே மாத்திரை அளவிலும் ரத்தத்தில் மருந்து ஏறும். இதைச் செய்வது புகை, நிகோட்டின் அல்ல. ஆகவே புகையிலை ஏக்கத்தைத் தணிக்கத் தோலில் ஒட்டும் நிகோட்டின் ஒட்டுப்பட்டை போட்டாலும் மருந்து ஏறுவது நிற்காது. புகைக்கத் தடையுள்ள இடத்தில் பீடியை விட்டு மெல்லும் புகையிலைக்கு மாறியவரையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். ‘பழக்கம் அப்படியேதானே இருக்கிறது’ என்று வீட்டார் நினைப்பார்கள். ஆனால் அவருக்கு அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில் வடிதல், மலச்சிக்கல், தலைசுற்றல் வரலாம். கிளோசபின் மிகவும் ஏறினால் வலிப்புகூட வரலாம். கிளோசபின் எடுப்பவருக்கு நிறுத்தும் முன்பும், நிறுத்தி ஒரு வாரம் கழித்தும் ரத்த அளவு பார்ப்பது நல்லது. மாத்திரையைக் குறைப்பது மருத்துவரின் முடிவு மட்டுமே. காபியில் உள்ள கஃபீனும் இதே நொதியால்தான் சிதைகிறது. புகையை நிறுத்தியவர் காபியைப் பாதியாக்காவிட்டால் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். மெல்லும் புகையிலை மட்டுமே பயன்படுத்தி வந்தவருக்கு இந்த மாற்றம் எதுவும் இல்லை.

நிறுத்திய ஒரு நாளுக்குள் எரிச்சல், பதற்றம், சோர்வு, தூக்கக் குறைவு, கவனச் சிதறல் தொடங்கும். இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். “நோய் திரும்பிவிட்டது, புகையிலையையே கொடுத்துவிடலாம்” என்று பலர் கைவிடுவது இந்த நாட்களில்தான். முன்பே நாட்காட்டியில் குறித்துக் காட்டிவிட்டால் வீட்டார் பயப்பட மாட்டார்கள். குரல் கேட்பது, தற்கொலை எண்ணம், தூக்கமே தேவைப்படாத உற்சாகம் ஆகியவற்றை நிகோட்டின் ஏக்கம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

புகையிலையை நிறுத்த உதவும் மருந்துகள் மனநலத்தைக் கெடுக்கும் என்ற பழைய பயம் இன்னும் போகவில்லை. 2016-ல் வெளியான ஈகிள்ஸ் ஆய்வில் சுமார் 8,000 சிகரெட் பழக்கமுள்ளவர்கள் பங்கேற்றார்கள். ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனநோய் இருந்தது. வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற அந்த மருந்துகள் இரண்டாலும் கடுமையான மனநலப் பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. மெல்லும் புகையிலையைக் கைவிடுவதற்கும் வரெனிக்ளின் உதவலாம் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. முதல் 3 நாள் 0.5 மி.கி. ஒரு வேளை, 4 முதல் 7-ம் நாள் வரை 0.5 மி.கி. இரு வேளை, பிறகு 1 மி.கி. இரு வேளை என்று 12 வாரம் தருவது வழக்கம். சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு எடுத்தால் குமட்டல் குறையும். புப்ரோபியான் வலிப்பு உள்ளவருக்கும், மதுவைத் திடீரென்று நிறுத்துபவருக்கும் ஆகாது. இருதுருவக் கோளாறில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

நிகோட்டின் சூயிங்கத்தைச் சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபியோ பழச்சாறோ கூடாது. நிகோட்டின் சரியாக உறிஞ்சப்படாது. புகையிலை மென்றே வாய் இறுகி, மூன்று விரலை நுழைக்க முடியாதவருக்குச் சூயிங்கம் சரிப்படாது, ஒட்டுப்பட்டைதான் நல்லது. அப்படியே வாயையும் பார்த்துவிடுங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் எது தெரிந்தாலும் பல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஒரே நாளில் விட முடியாதவருக்கு நான்கு வாரத் திட்டம் எழுதிக் கொடுக்கலாம். வாரத்துக்கு ஒரு மாற்றம் போதும்: முதலில் தூங்கும்போது வாயில் வைப்பதை நிறுத்துவது, அடுத்து காலை முதல் தடவையை ஒரு மணி நேரம் தள்ளுவது, பிறகு எண்ணிக்கையைப் பாதியாக்குவது, கடைசியாக முழுவதும் விடுவது. மறதியும் கவனக்குறைவும் உள்ளவரிடம் ஐந்து அறிவுரை சொன்னால் ஒன்றும் நிற்காது. மனநல மருந்து மாற்றும் அதே வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம். எந்த அறிகுறி எதனால் வந்தது என்று பிறகு யாருக்கும் புரியாது.

மறுபடி தொடங்கிவிட்டால் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த முறை மறைப்பார். பீடியோ சுருட்டோ ஹூக்காவோ என்றால் மருந்தின் அளவு ரத்தத்தில் மீண்டும் இறங்கும், நோய் தலைதூக்கலாம். அதனால் தொடங்கிய அன்றே சொல்லும்படி முன்கூட்டியே அவரிடம் பேசி வையுங்கள்.