எதற்கும் "பரவாயில்லை" சொல்லும் பிள்ளை

மலேசியாவில் குழந்தைகள் ஆலோசகராக இருப்பதால் சீனக் குடும்பங்களும் என்னிடம் வருவதுண்டு. பள்ளியிலிருந்து அனுப்பிவைக்கும் பிள்ளைகளில் சண்டைக்காரர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்று சிரிக்கும் பிள்ளையைத்தான் கூர்ந்து கவனிப்பேன்.

அப்படி ஒரு பதினோரு வயதுப் பெண். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அம்மா இறந்துவிட்டார், அப்பா மறுமணம் செய்துகொண்டார், இப்போது இரண்டு தம்பிகள். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமே கூடிச் சாப்பிடும் விருந்தைப் பற்றிக் கேட்டேன். கைப்பேசியில் படங்களைக் காட்டினாள். ஒரே மாதிரிச் சிவப்புச் சட்டையில் தம்பிகள், பக்கத்தில் அப்பா, சித்தி, பாட்டி. "நீ எங்கேம்மா?" "நான்தான் படம் எடுத்தேன்." எல்லாப் படங்களையும் அவள்தான் எடுத்திருந்தாள். வருத்தமே காட்டவில்லை, நன்றாக வந்திருக்கிறதா என்று என்னிடமே கேட்டாள்.

பெற்ற அப்பாவை அவள் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறாள். பிள்ளையின் ஜாதகம் பெற்றவருக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னால், சில சீனக் குடும்பங்களில் இப்படிக் கூப்பிட வைப்பது பழைய வழக்கம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, தோஷம் கழியும் என்ற நம்பிக்கை. ஆனால் தாய் இறந்தபின் அதே ஜாதகம் "அம்மாவை முழுங்கியவள்" என்ற பேச்சாகிவிடுகிறது. சீன நாள்காட்டியில் புலி ஆண்டில் பிறந்த பெண் என்றால் கேட்கவே வேண்டாம். அப்படி வேண்டாம் என்று கொடுக்கப்பட்ட சீனப் பெண் குழந்தைகளை இந்த நாட்டில் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்ததுண்டு. சேலை கட்டித் தமிழ் பேசும் அந்தப் பாட்டிகளை நம்மில் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

சீனர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த இருபத்து நான்கு பெற்றோர் பக்திக் கதைகள் உண்டு. யுவான் வம்சக் காலத்தில் தொகுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று கன்பூசியஸின் சீடர் மின் சீச்சியனைப் பற்றியது. மாற்றாந்தாய் தன் பிள்ளைகளின் குளிர் ஆடைக்குள் பஞ்சு வைத்தாள், இவனுக்கு மட்டும் நாணல் பூ. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வண்டி ஓட்டும்போது இவன் குளிரில் நடுங்க, அப்பா அடித்தார். ஆடை கிழிந்து நாணல் பூ பறந்த பிறகுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. அவர் மனைவியை விரட்டக் கிளம்ப, "அம்மா இருந்தால் ஒரு பிள்ளைக்குத்தான் குளிர், போனால் மூன்று பேருக்கும் குளிர்" என்று மகன் தடுத்தான்.

எல்லோரும் பையனைப் புகழ்வார்கள். எனக்கோ அந்த அப்பாமேல்தான் கோபம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆடை கிழியும்வரை எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? அதே தொகுப்பில், தன்னை வெறுத்த மாற்றாந்தாய் மீன் கேட்டாள் என்று உறைந்த ஆற்றின்மேல் படுத்த வாங் சியாங்கும் இருக்கிறார். இதையெல்லாம் கேட்டு வளரும் பிள்ளை, பொறுத்துப்போனால் என்றைக்காவது தன்னையும் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் நம்பும்.

அதனால் நான் முதலில் அப்பாவைக் கூப்பிடுவேன். சித்தியை வில்லியாக்கினால் வேலை நடக்காது, அடிபடுவது மறுபடியும் பிள்ளைதான். இந்த அப்பாவிடம், வாரம் ஒருமுறை மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வெளியே சாப்பிடப் போகச் சொன்னேன். "தம்பிகள் ஏங்கிப்போவார்களே" என்றார். இவள் ஏங்குவாள் என்று இத்தனை வருடம் அவருக்குத் தோன்றவில்லை, பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதிப்பெண் அட்டையில் எப்போதும் பாட்டி கையெழுத்து, பள்ளி விட்டும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் வளாகத்திலேயே சுற்றுவது, ஒரே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் எப்போதும் பழைய காலணி. இவை கண்ணில் பட்டால் விசாரியுங்கள். மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன் வீட்டுப் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தவோ பாகுபாடு காட்டவோ கூடாது என்று சீனாவில் 2021 முதல் நடைமுறையில் உள்ள சிவில் சட்டத் தொகுப்பின் 1072ஆம் பிரிவு சொல்கிறது. மலேசியாவின் 2001ஆம் ஆண்டு சிறுவர் சட்டமும் மனக்காயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உடம்பில் தழும்பு தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மலேசிய அரசின் உதவித் தொலைபேசிச் சேவையான 'தாலியான் காசே' 15999 எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.